இதய அறுவை சிகிச்சையும், கட்டிலை விட்டு எழுந்த வரலாறும்

சங்ககிரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, 1805-ம் ஆண்டு ஜூலை 31-ம் தேதி தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட மலைக்கோட்டை. இன்னொன்று, லாரி. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று இந்தப் பக்கம் முழுக்க லாரியை நம்பி ஓடுகிற ஊர்கள்தான். ஒரு வீட்டில் ஓட்டுநர், அடுத்த வீட்டில் கிளீனர், எதிர் வீட்டில் பாடி கட்டும் பட்டறை, தெருமுனையில் டயர் கடை. ஒருவர் ஸ்டியரிங் பிடித்தால்தான் நாலைந்து குடும்பங்களில் அடுப்பு எரியும்.

இப்படிப்பட்ட ஊரில் ஓர் ஓட்டுநருக்கு மாரடைப்பு வந்து பைபாஸ் செய்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வரும் டாக்டரிடம் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, "உயிருக்கு ஒண்ணும் ஆபத்தில்லையே?" பத்து நாள் கழித்து வீட்டுக்குக் கிளம்பும்போது கேட்கும் கேள்வி வேறு: "இனிமே வண்டி ஓட்டலாமுங்களா?"

முதல் கேள்விக்கு "ஆபத்தில்லை" என்று தைரியமாகச் சொல்ல மருத்துவ உலகத்துக்கு ஏறத்தாழ நூறு வருடம் பிடித்தது. அந்த வரலாறு பலருக்கும் தெரிந்ததுதான். இரண்டாவது கேள்விக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இந்தக் கட்டுரை இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது.

தொடக்கூடாத உறுப்பு

19-ம் நூற்றாண்டின் இறுதி வரை இதயத்தில் கத்தி வைப்பது என்பது பெரிய மருத்துவர்களே கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கிய காரியம். காரணம் எளிது. வயிற்றை அறுத்தால் குடல் சும்மா கிடக்கும். இதயம் நிமிடத்துக்கு 70 முறை துடித்துக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தினால் சில நிமிடங்களில் மூளை செத்துவிடும்.

1896-ம் ஆண்டு செப்டம்பரில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் லுட்விக் ரென் என்ற மருத்துவர், கத்திக்குத்துப்பட்ட ஓர் இளைஞனின் இதயத்தில் இருந்த ஓட்டையைத் தைத்தார். இளைஞன் பிழைத்துக்கொண்டான். இதயத்தில் ஊசி நுழைந்தாலும் அது துடிக்கும் என்பது அன்றுதான் உறுதியானது.

1925-ல் லண்டனில் ஹென்றி சுட்டர் இன்னொரு படி மேலே போனார். மைட்ரல் வால்வு கெட்டுப்போன ஓர் இளம்பெண்ணின் இதயத்துக்குள் தன் விரலையே விட்டு வால்வைத் தொட்டு விரித்தார். அந்தப் பெண் பிழைத்தார், மேலும் சில வருடங்கள் வாழ்ந்தார். ஆனால் அதன் பிறகு எந்த மருத்துவரும் சுட்டரிடம் ஒரு நோயாளியைக்கூட அனுப்பவில்லை! இதயத்தைத் தொடுவதே தப்பு என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக இருந்தது. அதே ஆபரேஷன் மறுபடி உயிர்பெற 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஒரே ஆண்டில் அமெரிக்காவில் சார்லஸ் பெய்லி, டுவைட் ஹார்க்கன், இங்கிலாந்தில் ரஸ்ஸல் பிராக் என்று மூன்று பேர் சில மாத இடைவெளியில் வெற்றி கண்டார்கள்.

அப்பாவின் ரத்தம், மகனின் உடம்பு

விரலை விட்டு விரிப்பதெல்லாம் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலை. இதயத்தைத் திறந்து, கண்ணால் பார்த்து ரிப்பேர் செய்ய வேண்டுமென்றால் அதுவரை உடம்புக்கு ரத்தத்தை வேறு யாராவது அனுப்ப வேண்டும்.

அமெரிக்காவின் ஜான் கிப்பன் இருபது வருடங்களுக்கு மேல் இதற்காக ஓர் இயந்திரத்தோடு மல்லுக்கட்டினார். 1953-ம் ஆண்டு மே 6-ம் தேதி பிலடெல்பியாவில் 18 வயதுப் பெண் ஒருவரின் இதய ஓட்டையை, இதய-நுரையீரல் இயந்திரத்தின் உதவியோடு மூடினார். 26 நிமிடங்கள் இதயத்தின் வேலையை இயந்திரமே பார்த்தது. உலகமே வியந்தது. ஆனால் அடுத்து வந்த நோயாளிகள் பிழைக்கவில்லை. மனம் உடைந்த கிப்பன் இந்த ஆபரேஷனையே விட்டுவிட்டார்.

1954-ல் மின்னசோட்டாவில் வால்டன் லில்லிஹை என்பவர் யாரும் நினைத்துப் பார்க்காத வழியைப் பிடித்தார். குழந்தையின் ரத்தக்குழாயைத் தாய் அல்லது தகப்பனின் ரத்தக்குழாயோடு இணைத்துவிட்டு, பெற்றவரின் இதயமும் நுரையீரலும் இருவருக்கும் சேர்த்து உழைக்க, குழந்தையின் இதயத்தைத் திறந்தார். முதல் குழந்தைக்குத் தகப்பனே துணை படுத்தார். ஆபரேஷன் நன்றாக முடிந்தும் பதினோரு நாள் கழித்து நிமோனியாவில் அந்தக் குழந்தை இறந்தது. இந்த முறையில் மொத்தம் 45 பேருக்கு ஆபரேஷன் நடந்து 28 பேர் பிழைத்தார்கள். 1955-ல் மேயோ கிளினிக்கில் ஜான் கிர்க்லின், கிப்பனின் இயந்திரத்தைத் திருத்தி முதல் எட்டுப் பேருக்குப் பயன்படுத்தினார். பிழைத்தவர்கள் நான்கு பேர்.

எட்டுக்கு நாலு! இன்று இப்படி ஒரு கணக்கைச் சொன்னால் யாரும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டார்கள். அன்றைக்கு அதுவே சாதனை. காரணம், ஆபரேஷன் செய்யாவிட்டால் அவர்களில் பெரும்பாலோர் சாவது உறுதி. ஆக, அந்தக் காலத்தில் 'வெற்றி' என்பதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. மேஜையிலிருந்து உயிரோடு இறங்க வேண்டும்.

வேலூரும் பெரம்பூரும்

இந்த வரலாற்றில் தமிழ்நாடு பின்தங்கி நிற்கவில்லை. 1949-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் நெஞ்சக அறுவை சிகிச்சைக்கு ஒரு துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அதுதான் முதல். அங்கேதான் 1960-களின் தொடக்கத்தில் டாக்டர் என்.கோபிநாத், திறந்த இதய அறுவை சிகிச்சையில் நாட்டின் முன்னோடிகளில் ஒருவராக விளங்கினார்.

அந்த நாளில் இங்கே வந்த நோயாளிகள் இன்றைய நோயாளிகளைப் போலக் கொழுப்பு அடைத்தவர்கள் அல்ல. பெரும்பாலும் இளைஞர்கள், ஏழைகள். சின்ன வயதில் தொண்டைப் புண் வரும். கவனிக்காமல் விட்டால் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும். அது ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு சரியாகிவிடும், ஆனால் இதய வால்வு சுருங்கிப்போயிருக்கும். பல பெண்களுக்கு முதல் பிரசவ சமயத்தில் மூச்சு வாங்கும்போதுதான் நோயே தெரியவரும். இவர்களுக்குத்தான் சுட்டர் ஆரம்பித்த அந்த 'விரல் விடும்' ஆபரேஷன் பெரிய வரமாக அமைந்தது.

1983-ல் டாக்டர் ஸ்டான்லி ஜானும் வேலூரில் அவரோடு பணியாற்றியவர்களும் அமெரிக்க இதய சங்கத்தின் 'சர்க்குலேஷன்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 3,724 பேர் உடனடியாக எப்படி இருந்தார்கள், பல வருடங்கள் கழித்து எப்படி இருந்தார்கள் என்ற கணக்கு அது. இந்த எண்ணிக்கையைவிட முக்கியமானது அந்த இரண்டாவது பாதி. டிஸ்சார்ஜ் ஆன நாளோடு கணக்கை மூடாமல், வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனது என்றும் கேட்டிருக்கிறார்கள். 'வெற்றி' என்ற சொல்லின் அர்த்தம் மாறத் தொடங்கியதற்கு இது நல்ல சாட்சி.

இதற்கிடையில் மாரடைப்புக்கும் வழி பிறந்தது. அர்ஜென்டினாவின் ஒரு குக்கிராமப் பகுதியில் பல வருடங்கள் வைத்தியம் பார்த்துவிட்டு அமெரிக்கா போன ரெனே பவலோரோ, 1967-ல் கிளீவ்லாந்தில் காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு அடைபட்ட இதய ரத்தக்குழாய்க்கு மாற்றுப்பாதை போட்டார். அதுதான் பைபாஸ். நெடுஞ்சாலையில் ஊருக்குள் நெரிசல் என்றால் ஊருக்கு வெளியே ரோடு போடுவதில்லையா, அதே யோசனைதான். எட்டே வருடத்தில், 1975-ல், சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம்.செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் ஆபரேஷனை வெற்றிகரமாகச் செய்தார். 1983-ல் சென்னையில் அப்போலோ தொடங்கப்பட்டது. 1990 டிசம்பரில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் குழுவினர் உருவாக்கிய உள்நாட்டு செயற்கை வால்வு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பிறகு அது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தப்பட்டுவிட்டது.

இவ்வளவும் முதல் கேள்விக்கான பதில். இனி இரண்டாவது கேள்வி.

"அசையாமல் படு!"

1912-ல் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், இதய ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தாலும் மனிதன் பிழைக்கலாம் என்று விளக்கி எழுதினார். அப்படிப் பிழைத்தவர்களுக்கு மருத்துவ உலகம் கொடுத்த வைத்தியம் ஒன்றே ஒன்று: படுக்கை. ஆறு வாரம், எட்டு வாரம் மல்லாக்கப் படுத்திருக்க வேண்டும். சாப்பாடு ஊட்டிவிடுவார்கள். தானாகப் புரண்டு படுப்பதுகூடக் கூடாது. செத்துப்போன தசை தழும்பாக மாறும் வரை இதயத்துக்கு வேலை கொடுத்தால் வெடித்துவிடும் என்ற பயம்தான் காரணம்.

வீட்டுக்கு வந்த பிறகும் மாடிப்படி ஏறக்கூடாது, வேலைக்குப் போகக்கூடாது என்று ஒரு பட்டியல் கூடவே வரும். உயிர் பிழைத்தவன் நடைப்பிணமாக வாழ்ந்தான். படுத்துக் கிடந்ததால் காலில் ரத்தம் உறைந்து அது நுரையீரலுக்குப் போய் அடைத்துச் செத்தவர்களும் உண்டு. அந்தச் சாவையும் இதய நோயின் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இதற்கு நூறு வருடங்களுக்கு முன்பே ஒரு துப்பு கிடைத்திருந்தது. நெஞ்சுவலியை 18-ம் நூற்றாண்டில் முதலில் தெளிவாக விவரித்த லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டென், தினமும் அரை மணி நேரம் மரம் அறுத்த ஒரு நோயாளிக்கு வலி ஏறக்குறைய போய்விட்டது என்று எழுதி வைத்திருந்தார். யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

நாற்காலி வைத்தியம்

1952-ல் பாஸ்டன் நகரில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லவுன் என்ற இருவர் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். மாரடைப்பு வந்த 81 நோயாளிகளை வந்த சில நாட்களிலேயே கட்டிலிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான்! நடக்க வைக்கவில்லை, ஓட வைக்கவில்லை. அதற்கே எதிர்ப்பு இருந்தது. ஆனால் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. உட்கார்ந்தவர்கள் தெம்பாக இருந்தார்கள், முகத்தில் உயிர் வந்தது.

மூன்று வருடம் கழித்து, 1955 செப்டம்பரில், அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. அவரைப் பார்த்த இதய நிபுணர் பால் டட்லி ஒயிட், நடைப்பயிற்சியின் மேல் பெரிய நம்பிக்கை உள்ளவர். படிப்படியாக நடக்கவும் வேலை பார்க்கவும் அனுமதித்தார். ஐசனோவர் மறுபடி கோல்ப் ஆடினார், 1956-ல் தேர்தலில் நின்று மறுபடி ஜெயித்தார். மாரடைப்பு வந்தவர் ஒரு நாட்டையே நடத்தலாம் என்றால், கடை நடத்த முடியாதா, வண்டி ஓட்ட முடியாதா என்று சாதாரண ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள்.

1966-ல் டல்லஸ் நகரில் நடந்த ஆராய்ச்சிதான் படுக்கை வைத்தியத்தின் முதுகெலும்பை முறித்தது. நோய் எதுவும் இல்லாத, இருபது வயது ஆரோக்கியமான இளைஞர்கள் ஐந்து பேரை இருபது நாள் படுக்கவே வைத்தார்கள். அவர்களின் உடல் உழைப்புத் திறன் கால் பங்குக்கு மேல் குறைந்துபோனது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தார்கள். முப்பது வருட முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகமாக இருந்தது! இருபது வயதுக்காரனுக்கே இந்தக் கதி என்றால், ஐம்பது வயதில் நெஞ்செலும்பை அறுத்துத் தைத்த ஆளை மாதக்கணக்கில் படுக்க வைத்தால் என்ன ஆகும்?

டிரைவரும் கண்டக்டரும்

சங்ககிரிக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஆராய்ச்சி இன்னொன்று உண்டு. லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர், மாரடைப்பு ஏன் அதிகமாகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். லண்டன் மாடி பஸ் ஊழியர்களின் பதிவேடுகளைப் புரட்டியபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஒரே பஸ், ஒரே ரோடு, ஒரே மாதிரிக் குடும்பங்கள். ஆனால் டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம், கண்டக்டர்களுக்குக் குறைவு. வித்தியாசம் என்ன? டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக ஒரு நாளைக்கு 500 படிகளுக்கு மேல் ஏறுகிறார்.

1953-ல் இது 'லான்செட்' இதழில் வந்தபோது பலர் நம்பவில்லை. மாரிஸும் அதோடு நிற்கவில்லை. பஸ் கம்பெனி கொடுத்த யூனிபார்ம் அளவுகளை எடுத்துப் பார்த்தார். டிரைவர்கள் வேலைக்குச் சேரும்போதே கொஞ்சம் இடுப்பு பெருத்தவர்கள் என்று தெரிந்தது. ஆக, எல்லாவற்றுக்கும் சீட்டில் உட்கார்ந்ததே காரணம் என்று சொல்லிவிட முடியாது என்பதை அவரே வெளியிட்டார். ஆனால் நடந்து தபால் கொடுப்பவர்களையும் உட்கார்ந்து வேலை செய்யும் தபால் ஊழியர்களையும் ஒப்பிட்டபோதும் அதே வித்தியாசம் தெரிந்தது. உடம்பை அசைப்பதற்கும் இதயத்துக்கும் தொடர்பு உண்டு என்பது இப்படித்தான் கணக்கோடு நிலைபெற்றது.

லாரி ஓட்டுநரின் நிலைமை லண்டன் டிரைவரைவிட மோசம். ராத்திரி முழுக்க விழிப்பு, பீடி, சிகரெட், கிடைத்த ஓட்டலில் பரோட்டா, நேரத்துக்கு மாத்திரை போட வழியில்லாத சர்க்கரை நோய். நெஞ்சு கரிக்கிறது என்றால் 'கேஸ் டிரபிள்' என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டு அடுத்த செக்போஸ்ட்டை நோக்கிப் போகிறவர்கள் அவர்கள்.

மறுவாழ்வுப் பயிற்சி என்றால் என்ன?

1964-ல் உலக சுகாதார நிறுவனம் இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு ஓர் இலக்கணம் வகுத்தது. நோயாளி தன் சொந்த முயற்சியால் சமூகத்தில் பழைய இடத்துக்குத் திரும்ப உடல், மனம், சமூகம் என்ற மூன்று வகையிலும் செய்ய வேண்டிய உதவிகளே அது என்று சொன்னது. 'சொந்த முயற்சியால்' என்பதைக் கவனிக்க வேண்டும். டாக்டர் செய்து முடித்துக் கையில் கொடுக்கிற விஷயம் அல்ல இது.

நடைமுறையில் இது மூன்று கட்டமாக நடக்கிறது.

முதல் கட்டம் ஆஸ்பத்திரியிலேயே தொடங்குகிறது. பைபாஸ் முடிந்து சுவாசக் குழாய் எடுத்த ஓரிரு நாளில் உட்கார வைக்கிறார்கள், பிறகு நடக்க வைக்கிறார்கள். மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து மூச்சை இழுக்கச் சொல்வார்கள். பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டாமல் இருக்க அதுதான் காவல். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்வதும் வெட்டிய எலும்புக்காகத்தான். அந்த எலும்பு கூட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை குடம் தூக்குவது, பைக் ஓட்டுவது எல்லாம் கூடாது. ஆனால் நடக்கலாம், நடக்க வேண்டும்.

இரண்டாவது கட்டம்தான் உயிர்நாடி. வீட்டுக்குப் போன சில வாரங்களில் தொடங்கி இரண்டு மூன்று மாதம் வரை, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், மேற்பார்வையில் பயிற்சி. முதலில் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளக்கிறார்கள், அல்லது டிரெட்மில் சோதனை செய்கிறார்கள். அதற்கேற்றபடி நடை, சைக்கிள் என்று கூட்டிக்கொண்டே போகிறார்கள். கூடவே ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, சாப்பாடு, புகையை விடுவது, மாத்திரைகளைத் தவறாமல் போடுவது என்று எல்லாம் சொல்லித் தரப்படுகிறது. செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை உண்டு. ஒழுங்காக ரத்தப் பரிசோதனை செய்து அளவைச் சரி பார்க்காவிட்டால் ஒன்று வால்வு அடைக்கும், இல்லையென்றால் ரத்தம் கசியும். கீரையே தொடக்கூடாது என்று பயப்பட வேண்டியதில்லை. ஒரு வாரம் கட்டுக்கட்டாகத் தின்றுவிட்டு அடுத்த வாரம் அடியோடு நிறுத்துவதுதான் தவறு.

மூன்றாவது கட்டத்துக்கு முடிவே கிடையாது. கற்றுக்கொண்டதை ஆயுசுக்கும் விடாமல் செய்ய வேண்டும்.

இதில் மனசுக்கும் பெரிய பங்கு உண்டு. நெஞ்சில் நீளமான தழும்போடு வீட்டுக்கு வந்தவருக்கு ஒவ்வொரு சின்ன வலியும் சாவுமணியாகக் கேட்கும். மனைவி, மக்கள் அதைவிடப் பயந்திருப்பார்கள். "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், பேசாம உக்காருங்க" என்று பாசத்தில் சொல்வார்கள். அந்தப் பாசமே பழைய படுக்கை வைத்தியமாக மாறிவிடும். மேற்பார்வையில் நடந்து பார்த்து, மூச்சு வாங்கியும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தால்தான் அந்தப் பயம் விலகும்.

கணக்கு என்ன சொல்கிறது?

உடற்பயிற்சியை மையமாகக் கொண்ட மறுவாழ்வு பற்றி உலகமெங்கும் நடந்த 63 ஆய்வுகளை, மொத்தம் 14,486 நோயாளிகளை, 2016-ல் வெளியான காக்ரேன் அமைப்பின் தொகுப்பு அலசியது. பயிற்சி பெற்றவர்களிடம் இதய நோயால் ஏற்படும் இறப்பு 26 சதவீதம் குறைந்திருந்தது. மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வது 18 சதவீதம் குறைந்திருந்தது. எல்லாக் காரணங்களையும் சேர்த்த மொத்த இறப்பில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தியாவிலும் ஒரு பெரிய முயற்சி நடந்தது. 24 மருத்துவமனைகளில் மாரடைப்பு வந்த 3,959 பேரைக் கொண்டு யோகா அடிப்படையிலான மறுவாழ்வுப் பயிற்சி சோதிக்கப்பட்டு, 2020-ல் முடிவு வெளியானது. இறப்பு, மறு மாரடைப்பு போன்றவற்றில் உறுதியான வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆனால் பயிற்சி பெற்றவர்கள் தங்கள் உடல்நலம் நன்றாக இருப்பதாக உணர்ந்தார்கள், பழைய வேலைகளுக்கு அதிகம் திரும்பினார்கள். டிரெட்மில், பெரிய கருவிகள் இல்லாமலே இது நடந்தது என்பதால் சின்ன ஊர்களுக்கு இது நல்ல சேதி.

பைபாஸ் என்பது நோயை வேரோடு பிடுங்குவது அல்ல என்பதையும் மறக்கக்கூடாது. காலிலிருந்து எடுத்துப் போட்ட சிரைகளில் ஏறக்குறைய பாதி பத்து வருடத்தில் அடைத்துவிடும் என்பது பல காலமாகத் தெரிந்த அனுபவம். நெஞ்சுச்சுவரில் இருந்து எடுக்கும் தமனி அதைவிட நீண்ட நாள் தாங்கும். பழைய குழாயை அடைத்த அதே புகையும், அதே சர்க்கரையும், அதே உட்கார்ந்த உட்காரலும் புதுக் குழாயை மட்டும் விட்டுவிடுமா?

சேலம் பக்கம் என்ன நிலைமை?

உயிர் காக்கும் பாதியில் தமிழ்நாடு நிறையவே செய்திருக்கிறது. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று வந்த பிறகு, பைபாஸுக்காக நிலத்தை விற்க வேண்டிய நிலை பல குடும்பங்களுக்கு இல்லாமல் போனது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு போட்டது. மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு வந்தது. 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாட்டின் என 14 மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரியோடு இணைத்து மாரடைப்பு நோயாளிகளை வேகமாக அனுப்பும் முறையும் தமிழ்நாட்டில் சோதிக்கப்பட்டது. 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வின் முடிவு 2017-ல் வெளியானது. ஒரு வருடத்துக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். ஊரை விட்டு ஊர் ஓடுகிற ஓட்டுநருக்கு வலி எந்த ஊரில் வரும் என்று தெரியாது. வழியிலுள்ள சின்ன ஆஸ்பத்திரிதான் அவருக்கு முதல் வாசல். அதனால் அவருக்கு இது ரொம்பவே முக்கியம்.

ஆனால் இரண்டாவது பாதி? உலக அளவில் எடுத்த ஒரு கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மறுவாழ்வுப் பயிற்சி தேவைப்படும் 360 நோயாளிகளுக்கு ஓர் இடம்தான் இருக்கிறது. இருக்கிற சிலவும் பெரிய நகரங்களில், பெரிய மருத்துவமனைகளில். சங்ககிரியிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ போய்ப் பயிற்சி செய்ய யாரால் முடியும்? பஸ் கட்டணமும், கூட வருபவரின் ஒரு நாள் கூலியும் சேர்த்தால் பயிற்சியைவிட அதுவே பெரிய செலவு. பெண்களின் நிலை இன்னும் மோசம். தைத்த நெஞ்சோடு வீட்டு வேலைக்குத் திரும்புகிறவரை 'குணமாகிவிட்டார்' என்று ஊர் சொல்லிவிடும்.

வழி இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, இயன்முறை மருத்துவரும் வருகிறார். பைபாஸ் செய்தவர்களின் நடைப்பயிற்சியையும் மருந்தையும் இதே கையால் கவனிக்க முடிந்தால், தாலுகா ஆஸ்பத்திரியிலேயே ஒரு நீளமான வராந்தாவும் ஒரு கடிகாரமும் போதும். ஆறு நிமிட நடைச் சோதனைக்கு வேறொன்றும் வேண்டியதில்லை!

"இனிமே வண்டி ஓட்டலாமுங்களா?"

1940-களிலும் 50-களிலும் கிளீவ்லாந்தில் ஹெர்மன் ஹெல்லர்ஸ்டைன் என்ற மருத்துவர் இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார். இதய நோயாளி வேலைக்குப் போகலாமா கூடாதா என்று பொத்தாம் பொதுவாகக் கேட்காமல், இவருடைய இதயத்தால் எவ்வளவு முடியும், இவருடைய வேலைக்கு எவ்வளவு வேண்டும் என்று இரண்டையும் அளந்து பொருத்திப் பார்த்தார்.

லாரிக்கும் அதே கணக்குதான். ஸ்டியரிங் பிடிப்பதற்கு வேண்டிய உழைப்பு குறைவு. ஆனால் ஜாக்கி வைத்து ஸ்டெப்னி மாற்றுவதும், லோடு மேல் ஏறித் தார்ப்பாய் இழுத்துக் கட்டுவதும் மாடிப்படி ஓடி ஏறுவதற்குச் சமம். பிரிட்டனில் பைபாஸ் செய்துகொண்ட லாரி ஓட்டுநர் குறைந்தது மூன்று மாதம் வண்டியைத் தொடக்கூடாது. பிறகு இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறன் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். டிரெட்மில்லில் மூன்று கட்டம், அதாவது ஒன்பது நிமிடம், தாக்குப்பிடிக்கிறாரா என்று பார்க்கிறார்கள். தேறினால் உரிமம் திரும்பக் கிடைக்கிறது. அந்த ஒன்பது நிமிடத்தை நாற்காலியில் உட்கார்ந்தே மூன்று மாதத்தைக் கழித்தவரால் தாண்ட முடியாது. தினமும் நடந்து பழகியவரால் முடியும்.

இந்தியாவிலும் போக்குவரத்து வாகன உரிமத்துக்கு மருத்துவச் சான்று உண்டு, படிவம் 1-ஏ. அதில் கையெழுத்து வாங்குவதோடு விஷயம் முடிந்துவிடுவதாக நினைத்தால் ஆபத்து ஓட்டுநருக்கு மட்டுமல்ல, எதிரே வருகிற பஸ்ஸில் இருப்பவர்களுக்கும்தான். அதே சமயம், பரிசோதிக்காமலே "உனக்கு இனி வண்டி வேண்டாம்" என்று சொல்லி ஒரு குடும்பத்தின் வருமானத்தை நிறுத்துவதும் நியாயமில்லை. அளந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அளப்பதற்கு முன்னால் பயிற்சி கொடுக்க வேண்டும்.

ரென் போட்ட அந்த முதல் தையலிலிருந்து இன்று வரை இதயத்தைத் தைக்கும் கலை எங்கேயோ போய்விட்டது. தைத்த பிறகு மனிதனை எழுப்பி நடக்க வைக்கும் கலை பெரிய இயந்திரம் எதையும் கேட்பதில்லை. பொறுமையான ஒரு இயன்முறை மருத்துவரும், பயப்படாமல் கூட நடக்கிற ஒரு வீட்டு மனுசரும், தினமும் அரை மணி நேரமும்தான் கேட்கிறது. சங்ககிரி மாதிரி ஊர்களில் ஓட்டுநரின் கேள்விக்கு "பார்க்கலாம், முதல்ல நடங்க" என்று பதில் சொல்லிக் கூட நடக்க ஓர் ஆள் கிடைக்கும் நாளில்தான் இதய அறுவை சிகிச்சையின் வரலாறு முழுமையாகும்.